நாபோத்தின் நிலமும் நகரத் திட்டமும்

தமிழ்நாட்டுத் திருச்சபைகள் நகரத் திட்டமிடலைப் பற்றி வாய்திறக்கும் தருணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆலயம் கட்ட மனு போட்டிருப்பார்கள். மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வந்திருக்காது. அக்கம்பக்கத்தில் ஆட்சேபம் எழுந்திருக்கும், கோப்பு மாதக்கணக்கில் நகராமல் கிடக்கும். இது நியாயமான மனக்குறைதான். ஆனால் உள்ளாட்சியின் திட்டமிடல் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவே என்று எண்ணினால், வேதாகமத்தின் ஒரு பெரிய பகுதியை நாம் வாசிக்காமலே விட்டிருக்கிறோம் என்றே பொருள். நிலம், எல்லைக்கல், மதில், வாசல், மேய்ச்சல் வெளி, வீட்டு மாடியின் விளிம்பு என நகரத்தை ஆக்கும் பொருள்கள் குறித்து அந்தப் புத்தகம் வியப்பூட்டும் அளவுக்கு நுணுக்கமாகப் பேசுகிறது. அந்தப் பேச்சிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன என்பது என் கருத்து. நிலம் எவருக்கும் முழு உரிமையான சொத்து அல்ல, ஆகவே அதன் பயன்பாட்டைச் சமூகம் ஒழுங்குபடுத்துவது சரி. அப்படி ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் பாவத்துக்கு விலக்கானதல்ல, ஆகவே அது மக்களுக்கு அருகில், அவர்கள் தட்டிக் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்ட திட்டங்கள் எல்லாம் ஏழைகளின் தலையில்தான் விடிந்திருக்கின்றன.

முதல் முடிவுக்கான ஆதாரம் மோசேயின் சட்டங்களில் இருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று உபாகமம் 22-ஆம் அதிகாரம் சொல்கிறது. எவராவது விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின் மேல் வரும் என்பது அதற்குக் காரணம். இன்றைய மொழியில் இது ஒரு கட்டட விதி. என் வீடு, என் மாடி, என் விருப்பம் என்று சொல்ல முடியாது என்பதே அதன் சாரம். லேவியராகமம் 25 இன்னும் ஆழமாகப் போகிறது. நிலம் கடவுளுடையது, மனிதர் அதில் பரதேசிகளாகத் தங்கியிருப்பவர்கள் என்ற அடிப்படையில், விற்ற நிலம் யூபிலி எனப்படும் ஐம்பதாம் ஆண்டில் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்கிறது. பலர் கவனிக்காத நுட்பம் ஒன்று இதே அதிகாரத்தில் உண்டு. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை விற்றவன் ஓர் ஆண்டுக்குள்தான் மீட்கலாம், அதன்பின் அது வாங்கியவனுக்கே நிலைத்துவிடும். மதிலில்லாத ஊர்களின் வீடுகளோ வயல்களைப் போலவே யூபிலியில் திரும்பிவிடும். நகரத்து மனையும் உழவு நிலமும் ஒரே வகையல்ல என்பதை, நிலப் பயன்பாட்டு வகைப்பாட்டை, அந்தப் பழைய சட்டம் அறிந்தே வைத்திருந்தது. லேவியரின் நகரங்களைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட அளவு வெளிநிலம் விடப்பட வேண்டும் என்று எண்ணாகமம் 35 முழக்கணக்கில் அளந்து சொல்கிறது. அந்த வெளிநிலத்தை விற்கவே கூடாது என்கிறது லேவியராகமம். நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கையும் ஏரிப் புறம்போக்கையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது முடிவுக்கு ஆதாரம் 1 இராஜாக்கள் 21. ஆகாப் மன்னனின் அரண்மனையை ஒட்டி நாபோத்தின் திராட்சத் தோட்டம் இருந்தது. மன்னன் அதைக் கீரைத்தோட்டம் ஆக்கக் கேட்டான். அவன் முதலில் பறிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டுமானால் விலையைப் பணமாகவே தருகிறேன் என்றான். இன்றைய நில எடுப்பு அதிகாரி எவரும் குறைகாண முடியாத இழப்பீடு அது. முன்னோரின் சுதந்தரம் என்று நாபோத் மறுத்த பிறகு நடந்ததுதான் முக்கியம். அரசி யேசபேல் மன்னனின் முத்திரையிட்டு அந்த ஊர் மூப்பருக்குக் கடிதம் எழுதுகிறாள். உள்ளூர்ச் சபை கூடுகிறது, சட்டம் கேட்கும் இரண்டு சாட்சிகள் முன்னிறுத்தப்படுகிறார்கள், தீர்ப்பு நிறைவேறுகிறது. எல்லாமே முறைப்படி. ஓர் ஊரின் சொந்த மூப்பர்களே மேலிடத்துக் கடிதத்துக்குக் கையெழுத்துப் போடும் அமைப்பாகச் சுருங்கிவிட்டால், முறை என்பது கொலைக்குக்கூட உறையாகிவிடும். எலியா தீர்க்கதரிசி கண்டித்தது அதைத்தான். உள்ளாட்சியைப் பற்றி வேதாகமத்தில் இதைவிடக் கூர்மையான பகுதியை நான் அறியேன்.

இந்த இரண்டையும் சோதித்துப் பார்க்க வரலாற்றில் சிறந்த களம் இங்கிலாந்தின் பர்மிங்காம். 1847-இல் திறக்கப்பட்ட 'சர்ச் ஆஃப் தி சேவியர்' என்ற ஆலயத்தின் பிரசங்கி ஜார்ஜ் டாசன். நகராட்சி என்பது சாக்கடையையும் தெருவிளக்கையும் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் மட்டுமல்ல, ஒரு மக்கள் கூட்டத்தின் உயர்ந்த ஒழுக்க நோக்கங்கள் செயல்படும் உடல் என்று அவர் போதித்தார். 1866-இல் அந்நகரின் பொது நூலகம் திறக்கப்பட்டபோது அவர் ஆற்றிய உரை இந்தக் கருத்தின் உச்சம். கார்ஸ் லேன் சபையின் போதகர் ஆர். டபிள்யூ. டேல், நகராட்சி மன்றத்தில் பணியாற்றுவதும் கிறிஸ்தவக் கடமைதான் என்று தம் சபையாருக்குச் சொன்னார். இந்த இயக்கத்துக்கு 'குடிமை நற்செய்தி' என்று பெயர் வந்தது. மேடையில் பேசப்பட்டது மன்றத்தில் சட்டமாயிற்று. யூனிட்டேரியன் சபையைச் சேர்ந்த ஜோசப் சேம்பர்லைன் 1873 முதல் 1876 வரை மேயராக இருந்து, தனியார் எரிவாயு நிறுவனங்களை 1875-இலும் குடிநீர் நிறுவனத்தை 1876-இலும் நகராட்சியின் கைக்குக் கொண்டுவந்தார். எரிவாயுவில் வரும் லாபம் நகருக்குப் பயன்படலாம், குடிநீரில் லாபம் பார்க்கக் கூடாது, மிஞ்சினால் விலையைக் குறைக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. சென்னையின் கோடைத் தண்ணீர் லாரிகளை நினைத்துக்கொண்டு இதை வாசிக்கும் எவருக்கும் அதன் கனம் புரியும்.

ஆனால் அதே மேயர் அதே பதவிக் காலத்தில் தொடங்கிய ஒரு திட்டத்தில்தான் அந்த நற்செய்தியின் ஓட்டையும் தெரிந்தது. 1875-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்தைப் பயன்படுத்தி நகர மையத்தின் சேரிகளை நகராட்சி கையகப்படுத்தியது. அவற்றின் ஊடாக கார்ப்பரேஷன் தெரு என்ற அகன்ற கடைவீதி 1878 முதல் உருவாயிற்று. தெரு அழகாகத்தான் வந்தது. குத்தகை வருமானம் பிற்காலத்தில் நகராட்சிக்கு உரம் சேர்த்தது. ஆனால் தொழிலாளர் வீட்டுக்கென்று இயற்றப்பட்ட சட்டத்தின் பேரால் இடிக்கப்பட்ட வீடுகளில் வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள்? அருகிலிருந்த முற்றங்களில், ஏற்கெனவே நெரிசலாயிருந்த முதுகொட்டு வீடுகளில் மேலும் நெருக்கிக்கொண்டார்கள். நகராட்சி சொந்தமாகச் சில வீடுகளைக் கட்டத் தொடங்கியதே 1890 வாக்கில்தான், அதுவும் விரல்விட்டு எண்ணும் அளவில். நிலம் பொதுவுக்கு உரியது என்பதை டாசனின் வழிவந்தவர்கள் உறுதியாகப் பற்றினார்கள். நாபோத்தின் கதையை மட்டும் விட்டுவிட்டார்கள். தங்கள் நோக்கம் நல்லது என்ற நிச்சயம், யாரை அப்புறப்படுத்துகிறோம் என்ற கேள்வியை அவர்கள் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. தீய நோக்கம் கொண்ட ஆட்சியைவிட நல்ல நோக்கம் கொண்ட ஆட்சிக்கு இந்தக் குருட்டுத்தன்மை எளிதாக வரும் என்று நினைக்கிறேன்.

அதே நகரின் விளிம்பில் குவேக்கர் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் கேட்பரி 1895 முதல் எழுப்பிய போர்ன்வில் வேறொரு பாதையைக் காட்டியது. தோட்டத்தோடு கூடிய வீடுகள், தம் சாக்லேட் ஆலையில் வேலை செய்யாதவர்களுக்கும் இடம், 1900-இல் முழுச் சொத்தையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தது எல்லாம் அதன் சிறப்பு. மதுக்கடைக்கு அங்கே இடமில்லை. ஒருவரின் நற்குணம் ஊரின் சட்டமாகும்போது அங்கு குடியிருப்போர் அவருடைய நல்லெண்ணத்தின் நிழலில் வாழ வேண்டியிருக்கிறது. அதை நான் முழுமனதாகப் பாராட்ட முடியவில்லை. இருந்தாலும் இத்தகைய முயற்சிகளின் தாக்கத்தில் பிரிட்டனில் 1909-இல் வந்த வீட்டுவசதி, நகரத் திட்டமிடல் சட்டம், தாராளக் காற்றும் வெளிச்சமும் ஏழைக்கும் வேண்டும் என்பதை உள்ளாட்சியின் பொறுப்பாக்கியது. அதன் வழியில்தான் 1920-இல் சென்னை மாகாண நகரத் திட்டமிடல் சட்டம் வந்தது. அதுவே நம் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்துக்கு முன்னோடி. பர்மிங்காமின் நன்மையும் ஓட்டையும் இரண்டுமே நம் சட்டப் புத்தகத்துக்குள் வந்து சேர்ந்தன.

அந்த ஓட்டையை அடைக்கும் வழியை ஒருவர் தமிழ் மண்ணிலேயே காட்டியிருந்தார். ஸ்காட்லாந்தின் பக்தியான சபைக் குடும்பத்தில் வளர்ந்து, பின்னர் சபையின் வரம்புகளைத் தாண்டிப் போன உயிரியலாளர் பேட்ரிக் கெடிஸ், ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் 1914-இன் இறுதியில் சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1915-இல் பல ஊர்களைப் பற்றி அறிக்கை எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியின் நெரிசலான தெருக்களை இடித்து நேர்க்கோட்டுச் சாலைகள் போட ஒரு திட்டம் தயாராயிருந்தது. கெடிஸ் அந்தத் தெருக்களில் நடந்தார், ஒவ்வொரு வீட்டையும் பார்த்தார். இடிந்துபோன சில வீடுகளை மட்டும் எடுத்து, அந்த வெற்றிடங்களைச் சிறு சதுக்கங்களாக்கி, மரம் நட்டு, உள்ள சந்துகளையே சற்று அகலப்படுத்தினால் போதும் என்றார். நேர்க்கோட்டுத் திட்டத்தின் செலவில் ஒரு சிறு பங்குதான் அதற்கு ஆகும், இடம்பெயர்வோரும் மிகச் சிலர். சேதம் குறைந்த சிகிச்சை என்ற பொருளில் அவர் இந்த முறைக்குப் பெயரிட்டார். நெகேமியாவை வாசித்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. எருசலேமின் இடிந்த மதிலை அவர் முதலில் இரவில் சுற்றிவந்து பார்க்கிறார், அதன் பிறகே திட்டத்தைப் பேசுகிறார். மூன்றாம் அதிகாரத்தில் யார் எந்தப் பகுதியைக் கட்டினார் என்ற நீண்ட பட்டியல் வருகிறது: தட்டார், பரிமளத் தைலக்காரர், ஓர் அதிகாரியும் அவர் குமாரத்திகளும், பலர் தங்கள் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியை. தெக்கோவாவின் பெரியவர்கள் மட்டும் தோள்கொடுக்கவில்லை என்பதும் பதிவாகியிருக்கிறது.

இனி சென்னைக்கு வருவோம். 1970-இல் அமைந்த குடிசை மாற்று வாரியத்தின் குறிக்கோள் வாசகம் ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பதைப் பற்றியது. எளியவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்ற பொருளில் மத்தேயு 25-இல் இயேசு சொன்னதைக் கிறிஸ்தவர்கள் அங்கே நினைக்காமல் இருக்க முடியாது. தொடக்க ஆண்டுகளில் வாரியம் அந்த வாசகத்துக்கு ஏறக்குறைய உண்மையாகவே இருந்தது. குடிசைகள் இருந்த இடத்திலேயே, நகருக்குள்ளேயே, மாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. அவை சிறியவை, பராமரிப்பு மோசம். ஆனால் மக்கள் தங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அருகிலேயே இருந்தார்கள். 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் போக்கு மாறியது. கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அதன்பின் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளோடு பெரும்பாக்கம் என, நகரின் தென்கோடியில், மையத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும் தள்ளி, ஏழைகள் மட்டுமே வாழும் பெருங்குடியிருப்புகள் எழுந்தன. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் வேலையை இழந்தார்கள், படிப்பு நடுவே நின்ற பிள்ளைகள் உண்டு, முகவரியைக் கேட்டதும் வேலை கொடுக்கத் தயங்கும் முதலாளிகள் உண்டு. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றும் பணி வேகமெடுத்தது. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. ஏழையின் வாழ்விடம் எது என்ற கேள்வி மாறாமல் நிற்கிறது.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். ஆற்றங்கரையில் வாழ்வது அவர்கள் உயிருக்கே ஆபத்து, நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்வது நீதிமன்றங்கள், மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கேட்கும் அதே வேதம் வெள்ளப் பாதையில் குடியிருப்பதை மட்டும் எப்படி ஆதரிக்கும் என்பார்கள். ஆதரிக்காது. ஆனால் அந்த விதி எல்லோருக்கும் ஒன்றாக நடக்கிறதா என்பதைத்தான் கேட்க வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நெடுங்காலம் வெறும் தரிசாகக் கருதப்பட்டது. அதன் ஒரு பகுதியில் மாநகரின் குப்பை கொட்டப்பட்டது, இன்னொரு பகுதியில் அரசு நிறுவனங்களும் தகவல் தொழில்நுட்பக் கட்டடங்களும் எழுந்தன. 2022-இல் அது ராம்சார் ஈரநிலத் தலமாக அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி, ஆனால் அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி ஏழைகள் கொண்டுபோய் வைக்கப்பட்ட பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் அந்தச் சதுப்பின் நீர்ப்பாதையை ஒட்டியவை. 2015 மழையில் அவையும் தண்ணீரில் நின்றன. விற்கக் கூடாத வெளிநிலத்தைப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அதன் ஓரத்தில் எளியவர்களைக் குடிவைப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சொல்ல முடியாது.

இன்னொரு ஆட்சேபம் சட்டம் சார்ந்தது. நாபோத்துக்குப் பட்டா இருந்தது, கூவம் கரையில் இருப்பவருக்கு இல்லை. 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் மறுவாழ்வையும் கொண்டுவந்தது உண்மை, ஆனால் புறம்போக்கில் குடியிருப்பவரை நகராட்சியால் ஆக்கிரமிப்பாளர் என்ற ஒரே சொல்லில் அந்த வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட முடிகிறது. நாபோத்தின் கதை இவர்களுக்குப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொருந்துவது வேறு. வயலின் ஓரத்தை முழுதும் அறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விட வேண்டும் என்கிறது லேவியராகமம் 19. அந்த ஏழைக்கு அந்த வயலில் பத்திரம் எதுவும் இல்லை, ஆனாலும் அவனுக்கு அங்கே உரிமை உண்டு. அது நிலக்காரனின் தயவைப் பொறுத்ததல்ல. நகரம் உழைப்பை வாங்கிக்கொள்கிறது என்றால், உழைப்பவர் படுத்துறங்க ஓர் ஓரத்தையும் தர வேண்டும் என்பது இதன் நேரான பொருள்.

அதிகாரம் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நம் அரசியலமைப்பே பதில் வைத்திருக்கிறது. 1992-இன் 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாம் அட்டவணையின் முதல் பொருளே நகரத் திட்டமிடல். பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர்களிடமிருந்து வர வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் சொல்கிறது. நடைமுறையில் சென்னையின் முழுமைத் திட்டங்களை, 1975-இல் வந்ததையும் 2008-இல் வந்ததையும், தயாரித்தது மாநில அரசின் கீழுள்ள பெருநகர வளர்ச்சிக் குழுமம். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த அதன் எல்லை 2022-இல் 5,904 ஆக விரிந்தது. 2016 முதல் 2022 வரை தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. கூவம் கரை மக்கள் மிக வேகமாக அகற்றப்பட்ட ஆண்டுகளில் பலவும் இவையே. அவர்களுக்காகக் கேள்வி கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. உள்ளூர் உறுப்பினர் என்றால் ஊழல்தானே, அதிகாரியே மேல் என்று சிலர் சொல்வது எனக்குத் தெரியும். நாபோத்தின் ஊரான யெஸ்ரயேலின் மூப்பர்கள் ஊழல்பட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர்களைக் கெடுத்தது அரண்மனையிலிருந்து வந்த கடிதம். அதிகாரம் தூரத்தில் இருந்தால் அது தூய்மையாகிவிடாது, கண்ணுக்குத் தெரியாமல் மட்டுமே போகும்.

மதச்சார்பற்ற நாட்டில் திட்டமிடலை வேதத்தைக் கொண்டு பேசலாமா, அதுவும் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் ஆறு விழுக்காடாக உள்ள ஒரு சமூகம் பேசலாமா என்றும் கேட்பார்கள். பேசலாம், ஒரு நிபந்தனையோடு. இங்கே சொன்ன எதையும் ஏற்க ஒருவர் கிறிஸ்தவராக இருக்கத் தேவையில்லை என்ற வகையில் பேச வேண்டும். எரேமியா 29-இல் தீர்க்கதரிசி கடிதம் எழுதியது பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதருக்கு. தங்கள் தெய்வத்தை வணங்காத, தங்களை வென்ற அந்த நகரத்தின் நலனைத் தேடுங்கள், வீடு கட்டி, தோட்டம் நாட்டி வாழுங்கள் என்கிறார். தங்களுக்கென்று ஒரு தனிப் பேட்டையைக் கேட்கச் சொல்லவில்லை. பரலோகமே நம் ஊர், இங்கே நிலையான நகரம் இல்லை என்று எபிரெயர் நிருபத்தைக் காட்டி ஒதுங்குவோர் நம் சபைகளுக்குள்ளேயே அதிகம். அந்த நிருபத்தின் அதே பகுதிதான், இயேசு நகர வாசலுக்கு வெளியே பாடுபட்டார், நாமும் அவரிடம் வெளியே புறப்பட்டுப் போவோம் என்கிறது. வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டவர்களைப் பார்க்காமல் அந்த வசனத்தைச் சொல்ல இயலாது.

கடைசி ஆட்சேபமே எனக்குக் கடினமானது: திருச்சபை தன் நிலத்தில் என்ன செய்திருக்கிறது? திருநெல்வேலிச் சீமையில் விசுவாசத்தினால் இருப்பிடம் இழந்தவர்களுக்காக 1799-இல் முதலூர் உருவானது நம் வரலாற்றில் ஒரு நல்ல தொடக்கம். அடைக்கலம் என்ற சொல்லுக்கு மண்ணில் ஓர் இடம் கொடுத்த முயற்சி அது. ஆனால் திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைத் தலித்துகளின் பக்கம், மற்றவர்களின் பக்கம் என்று பிரிக்கும் சுவரும் நம்முடையதே. இறந்தவரையே பிரித்து அடக்கம் செய்யும் சமூகம் உயிரோடிருப்பவரைப் பிரித்துக் குடிவைக்கும் அரசைக் கண்டிக்கும்போது, அந்தக் கண்டனம் பாதிதான் கேட்கும். தமிழகத்தின் நகர மையங்களில் சபைகளின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஆயர் இல்லங்களும் பெரும் வளாகங்களாக இருக்கின்றன. அவற்றில் சில வணிக வளாகங்களுக்குக் குத்தகையாகப் போயிருக்கின்றன, அந்தக் குத்தகைகள் நீதிமன்றங்களிலும் நிற்கின்றன. சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகும் இந்த ஆண்டுகளில், நகருக்குள் ஏழைகளுக்கு வீடு கட்ட நிலமில்லை என்ற வாதம் திரும்பத் திரும்ப வருகிறது. பேராயங்களும் மறைமாவட்டங்களும் தங்கள் நிலப் பட்டியலை முதலில் தங்கள் சபையாருக்கும் பிறகு நகருக்கும் திறந்து வைக்கலாம். அதில் ஒரு பகுதியை நீண்டகாலக் குத்தகையில் தொழிலாளர் குடியிருப்புக்குத் தரலாம், குடியிருப்போர் எந்த மதம், எந்தச் சாதி என்று கேட்காமல். வார்டுக் குழுக் கூட்டங்களிலும் பகுதி சபாக்களிலும் சபை மக்கள் போய் உட்கார்ந்து, எங்கள் வார்டில் யாரை எங்கே மாற்றப் போகிறீர்கள், அவர்களைக் கேட்டீர்களா என்று பதிவேட்டில் எழுதும்படி கேட்கலாம். ஆலய அனுமதி மனுவோடு அதே அலுவலகத்துக்குப் போகும் போதகர், இந்தக் கேள்வியோடும் அங்கே போக முடியும்.